கச்சேரிப் பதிவுக்கு முதலில் எதை வாங்குவது: மைக்கா, கேமராவா?

எங்கள் ஊர்ச் சங்கீத சபை மாதம் ஒரு கச்சேரி நடத்துகிறது. இருநூறு நாற்காலி கொள்ளும் பள்ளிக்கூட அரங்கு, இருபுறச் சுவர்களிலும் மின்விசிறிகள், மேடைக்கு மேலே எல்இடி விளக்குகள், மாதந்தோறும் வரும் அதே மைக்செட்காரர் என எல்லாம் பழகிப்போன ஏற்பாடுதான். இந்த ஆண்டு முதல் கச்சேரிகளை ஒலியும் படமுமாகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று குழு தீர்மானித்ததும், கையிலிருக்கும் சொற்பத் தொகையை எதில் போடுவது என்ற கேள்வி வந்தது. பெரும்பாலோர் நல்ல கேமரா ஒன்று வேண்டும் என்றார்கள். ஒருவர் மட்டும் மைக் என்றார். அந்த ஒருவர் நானல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களே எடுத்த ஒரு பதிவை மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான் நான் கட்சி மாறினேன்.

அன்று இரவல் வாங்கிய கேம்கார்டர் ஒன்றைக் கடைசி வரிசைக்குப் பின்னால், மேடையிலிருந்து ஏறக்குறைய 14 மீட்டர் தள்ளி, முக்காலியில் நிறுத்தியிருந்தோம். மிருதங்கம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது ஜூம் செய்ததில் மிருதங்க வித்வானின் வலது கை திரை முழுவதும் நிறைந்து நிற்கிறது. வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், கருவட்டம் தெரிகிறது. அதன் ஓரத்தில் மோதிர விரல் ஊன்றியிருக்க, ஆள்காட்டி விரல் மீட்டிவிட்டு எழுவதும் தெரிகிறது. காதில் விழுவதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஓசை. சொற்கட்டுகள் ஒன்றோடொன்று குழைந்து, எது சாப்பு, எது மீட்டு என்று அடிகளை வகை பிரித்தறிய முடியவில்லை. கோர்வை முடிந்து ஒரு கணம் நிசப்தம் விழுந்த இடத்தில் மின்விசிறியின் இரைச்சல் எழும்பி வந்து, அடுத்த அடி விழுந்ததும் சட்டென்று அமுங்குகிறது. அதே தனி, முதல் வரிசையில் ரசிகர் ஒருவர் மடியில் வைத்திருந்த உள்ளங்கை அளவுப் பதிவுக் கருவியில், தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், கொடுத்த கும்கி என்ற நாதம் உட்பட, துலக்கமாக விழுந்திருந்தது. கேமராவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இராத கருவி அது. வேறுபாடு விலையில் இல்லை, தூரத்தில் இருந்தது.

படத்தைத் தூரத்திலிருந்து எடுக்கலாம், ஒலியைத் தூரத்திலிருந்து எடுக்க முடியாது என்பதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. சில சென்டிமீட்டர் அகலமுள்ள லென்ஸ், அந்த அலைக்குப் பல்லாயிரம் மடங்கு பெரிய வாசல். அதனால் ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஒளியை, கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் உணரியின் மேல் தனித்தனிப் புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க அதனால் முடிகிறது. மேடைக்குப் பக்கத்துச் சுவர் எவ்வளவு பளிச்சென்றிருந்தாலும் அதன் ஒளி பாடகரின் முகத்தோடு கலப்பதில்லை. ஜூம் செய்தால் சுவர் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஒலியின் கதை வேறு. 100 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த நாதத்தின் அலைநீளம் காற்றில் சுமார் மூன்றரை மீட்டர். அதை லென்ஸ்போல் குவிக்க வேண்டுமானால் அரங்கத்தைவிடப் பெரிய கருவி தேவைப்படும். பறவைகளின் ஒலியைப் பதிவு செய்பவர்கள் கிண்ண வடிவத் தட்டு ஒன்றை மைக்குக்குப் பின்னால் வைத்துக்கொள்வதுண்டு. கிளியின் கீச்சொலிக்கு அது பயன்படும், மிருதங்கத்தின் தொப்பிக்கு ஆகாது.

மைக்கின் உள்ளே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. பாடகரின் வாயிலிருந்து நேராக வந்த அலை, பொய்க்கூரையில் பட்டுத் திரும்பிய அலை, விசிறியின் இரைச்சல், மூன்றாம் வரிசையின் இருமல் ஆகிய அனைத்தும் அந்த ஒரே சவ்வில் ஒரே அசைவாகக் கூடிவிடுகின்றன. கூடியதைப் பிறகு பிரிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன, ஓரளவு பிரிக்கவும் செய்கின்றன. ஆனால் எதிரொலியில் கரைந்துபோன கமகத்தை அவற்றில் எதுவும் மீட்டுத் தந்து நான் கேட்டதில்லை. தூரம் இரண்டு மடங்காகும்போது நேர் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) குறைகிறது. அரங்கின் எதிரொலியோ எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. ஒரு மீட்டரில் வைத்த மைக்கையும் 14 மீட்டரில் வைத்த மைக்கையும் ஒப்பிட்டால் நேர் ஒலியில் ஏறத்தாழ 23 டெசிபல் வேறுபாடு வரும். எனவே கடைசி வரிசையில் பதிவாவது பெரும்பாலும் அரங்கம்தான், பாட்டு அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதை முன்னோர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1902-இல் கிராமஃபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்த காலத்தில் மைக்கே கிடையாது. பாடுகிறவர் தகரக் கூம்பின் வாய்க்குள் முகத்தை நுழைக்காத குறையாக நின்று பாட வேண்டும், அந்தக் காற்றின் வலுவே ஊசியை அசைத்து மெழுகில் கீற வேண்டும். 1925-இல் மின்வழிப் பதிவு வரும் வரை ஒலிச்சமநிலை என்றால் யார் கூம்புக்கு எவ்வளவு அருகில் நிற்பது என்பதுதான். மென்மையான வாத்தியம் முன்னால் வரும், உரத்தது பின்னால் போகும். மிக்சர் மேசையில் இத்தனை திருகுகள் வந்த பிறகும் அடிப்படை அதிலிருந்து பெரிதாக விலகிவிடவில்லை.

ஆகவே எங்கள் முன் இருந்த கேள்வியை நான் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டேன். கேமரா எந்த மாடலாக இருந்தாலும் அது அரங்கின் பின்னால்தான் நிற்கப் போகிறது. ஒலியை முன்னாலிருந்து எடுப்பதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றில் எது எங்களுக்குப் பொருந்தும் என்பதே உண்மையான ஒப்பீடு.

முதல் வழி, கேமராவோடு வரும் மைக்கையே நம்புவது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூரக் குறைபாட்டோடு, ஒலி குறைந்தால் தானே கூட்டி, கூடினால் தானே குறைக்கும் தானியங்கி அளவுக் கட்டுப்பாடும் அதில் சேர்ந்திருக்கிறது. விசிறி இரைச்சல் எழும்பி அமுங்கியது அதன் வேலைதான். கல்யாணப் பேச்சுக்கு அது உதவும். கீழ்ஸ்தாயியில் மெல்லத் தொடங்கி மேல்ஸ்தாயி ஷட்ஜத்தில் போய் நிற்கும் ஆலாபனையை அது தட்டையாக்கிவிடும். வித்வான் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஏற்ற இறக்கம் முழுவதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது வழி, கேமராவின் தலையில் ஷாட்கன் மைக் பொருத்துவது. நீளக் குழாய் வடிவம் பார்ப்பவருக்கு ஒலிக்கான தொலைநோக்கி என்ற எண்ணத்தைத் தருகிறது, கடைக்காரர்களும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அது எதையும் அருகில் கொண்டுவருவதில்லை. குழாயின் பக்கவாட்டிலுள்ள பிளவுகள் வழியே நுழையும் ஒலி வெவ்வேறு நேரத்தில் சவ்வை அடைந்து ஒன்றையொன்று ரத்து செய்துகொள்வதால் பக்க ஒலி குறைகிறது, அவ்வளவுதான். அந்த ரத்து உயர்ந்த சுருதிகளில் நன்றாகவும், தாழ்ந்தவற்றில் அரைகுறையாகவும் நடக்கிறது. திறந்த வெளியில் ஒருவர் பேசுவதை இரண்டடித் தூரத்திலிருந்து எடுக்க இதற்கு இணையில்லை. சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும் அரங்கில், 14 மீட்டரில், முன்பக்கத்திலிருந்தே எதிரொலியும் வந்துகொண்டிருக்கும்போது, அது எதை விலக்கும்? குழுவில் கேமரா கேட்டவர்கள் கூடவே கேட்டதும் இந்த மைக்கைத்தான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

மூன்றாவது வழி, மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொள்வது. செலவு ஏறக்குறைய இல்லை. பாடகரின் வாயருகே ஏற்கெனவே ஒரு மைக் இருக்கிறது, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று; தூரப் பிரச்சினையே எழாது. நான் முதலில் இதோடு முடித்துவிடலாம் என்றே நினைத்தேன். ஒரு கச்சேரியில் முயன்றும் பார்த்தோம். குரல் மிக அருகில், மூச்சு வாங்குவது வரை கேட்டது. வயலின் கூர்மையாக இருந்தது. மிருதங்கம் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருந்தது. மைக்செட்காரர் மேல் தவறில்லை. சிறிய அரங்கில் மிருதங்கம் தன் வலுவிலேயே எல்லோருக்கும் கேட்டுவிடும் என்பதால் அவர் அதன் அளவைக் குறைத்து வைத்திருந்தார். அவர் கலந்தது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்காக. மேடையிலிருந்து நேராகக் காற்றில் வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் போட்ட அளவு அது. வயரில் வருவது அந்தக் கணக்கின் ஒரு பாதி. கைதட்டலும், ‘சபாஷ்’ என்ற குரலும், அரங்கின் மூச்சும் அதில் அறவே இல்லை. இதில் இன்னொரு பொறியும் உண்டு: மிக்சரிலிருந்து வெளிவரும் மின்அளவு மைக்கிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு வலுவானது. அதை நேரே கேமராவின் மைக் துளையில் செருகினால் உச்சங்கள் எல்லாம் வெட்டுண்டு கரகரக்கும், அப்படி வெட்டுண்டதைச் சீர்செய்ய முடியாது.

நான்காவது வழி, மேடைக்கு முன்னால் நம்முடைய மைக் இரண்டை நிறுத்திப் பதிவு செய்வது. இங்கேதான் எந்த வகை மைக் என்ற கேள்வி வருகிறது, இங்கேதான் பலர் தவறான காரணத்துக்காகச் சரியான பொருளையும், சரியான காரணத்துக்காகத் தவறான பொருளையும் வாங்குகிறார்கள்.

மேடைகளில் நாம் நாள்தோறும் பார்க்கும் உருண்டைத் தலை மைக் டைனமிக் வகை. 1966-இல் வந்த ஷுர் எஸ்எம்58 அந்த உருவத்தை உலகம் முழுவதும் பழக்கிவிட்டது. சவ்வோடு ஒட்டிய மெல்லிய கம்பிச்சுருள் ஒரு காந்தத்தின் நடுவே அசைகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலின்படி அந்த அசைவு மின்சாரமாகிறது. வெளி மின்சாரம் வேண்டாம், கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும், உரத்த ஒலிக்கு அஞ்சாது. சுருளின் எடையையும் சவ்வு தூக்கிக்கொண்டு அசைய வேண்டியிருப்பதால் மிக நுண்ணிய, மிக வேகமான அசைவுகளில் அது சற்றுப் பின்தங்குகிறது. தூரத்து ஒலியை அவ்வளவாகப் பொருட்படுத்தாத அதன் சுபாவம் மைக்செட்காரருக்கு வரம், ஏனென்றால் ஸ்பீக்கரின் ஒலி திரும்ப மைக்கில் ஏறி ஊளையிடுவது அதனால் குறைகிறது. இரண்டு மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்ய நினைக்கும் நமக்கு அதே சுபாவம் குறையாகிவிடுகிறது: அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும், ஏற்ற ஏற்ற ‘உஸ்’ஸென்ற இரைச்சலும் உடன் ஏறும்.

கண்டென்சர் வகையில் சுருள் இல்லை. சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள, உலோகப் பூச்சிட்ட சவ்வு ஒரு தட்டின் எதிரே நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளி மாற மாற மின்தேக்கத்தின் அளவு மாறுகிறது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஈ. சி. வெண்டே 1916-இல் வடிவமைத்தது இது. சவ்வு எடையற்றது என்றே சொல்லலாம் என்பதால் வில் தந்தியைப் பற்றும் அந்த முதல் உரசலும், வலந்தலையில் மீட்டு எழும்பும் கணமும் அப்படியே வந்து விழுகின்றன. அதற்கு 48 வோல்ட் மின்சாரத்தைப் பதிவுக் கருவி கேபிள் வழியாகவே கொடுக்க வேண்டும். ஈரமும் தூசியும் ஆகாது. 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்டு செஸ்லரும் நிரந்தர மின்னேற்றம் கொண்ட சவ்வை உருவாக்கிய பிறகு இதே தத்துவம் மலிவாகி, சட்டையில் குத்தும் மைக் வரை வந்துவிட்டது. கச்சேரிக்கு என் தேர்வு ஐயத்துக்கிடமின்றிக் கண்டென்சர்தான். விலை கூடினால் ஒலி கூடும் என்பதற்காக அல்ல. நாம் வைக்கப்போகும் தூரத்தில் வேலை செய்யக்கூடியது அதுதான் என்பதற்காக.

வைக்கும் முறையில் பல உண்டு. இரு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒன்றுக்கொன்று 110 பாகை கோணத்தில் நிறுத்துவது பிரெஞ்சு வானொலியின் வழி. அந்த இடைவெளி ஏறக்குறைய மனிதத் தலையின் அகலம் என்பதால் காதொலிக்கருவியில் கேட்கும்போது மேடை கண்முன் விரிகிறது. நம் கச்சேரி அமர்வுக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது. பாடகர் நடுவில், அவருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின். மிருதங்க வித்வான் பாடகரை நோக்கித் திரும்பி உட்காருவதால் வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். வயலினைவிட மிருதங்கத்தின் அடி எளிதாக எட்டிவிடும் என்பதால் ஸ்டாண்டை நடுவிலிருந்து ஒரு சாண் வயலின் பக்கம் நகர்த்தினோம். அந்த ஒரு சாண் செய்த மாற்றத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் அதே இயல்போடு செய்ய முடியவில்லை. இதய வடிவில் முன்பக்கத்தை ஏற்று, நேர் பின்பக்கத்தை விலக்கும் வகை மைக்காக இருந்தால் பின்புறம் சபையைப் பார்த்திருக்கும். இருமலும் நாற்காலிச் சத்தமும் பெருமளவு ஒதுங்கிவிடும்.

மைக்கிலிருந்து வருவதை எதில் பதிவது என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. நான்கு தடங்கள் கொண்ட கைப்பதிவுக் கருவி ஒன்றே போதும். தன் தலையிலேயே இரண்டு கண்டென்சர் மைக்குகளை அது கொண்டிருக்கும், கீழே வெளி மைக்கையோ மிக்சர் கேபிளையோ செருகும் எக்ஸ்எல்ஆர் துளைகள் இரண்டும் இருக்கும். முன்னிரண்டு தடத்தில் மேடையின் நேர் ஒலி, பின்னிரண்டில் மிக்சரின் வயர். மிக்சரில் குறைவாக இருந்த மிருதங்கம் முன் மைக்கில் நிறைவாக இருக்கிறது. முன் மைக்கில் சற்றுத் தள்ளியிருந்த குரல் வயரில் அருகில் இருக்கிறது. இரண்டையும் பிறகு வேண்டிய அளவில் கலந்துகொள்ளலாம். 32-பிட் ஃப்ளோட் என்ற முறையில் பதியும் கருவிகள் 2019 வாக்கில் பரவத் தொடங்கி இப்போது விலை இறங்கிவிட்டன. அளவைத் தவறாக வைத்துவிட்டாலும், மைக்கே திணறாத வரை, உச்சம் வெட்டுப்படாமல் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். பதிவைக் கவனிக்க ஆள் இல்லாத, ரசிகர்களே தொண்டர்களாக இருக்கும் எங்களைப்போன்ற சபைக்கு இது ஆடம்பரமல்ல. தேர்ந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் உடன் இருந்தால் 24-பிட்டே தாராளம்.

இனி கேமரா. கைபேசி, கேம்கார்டர், லென்ஸ் மாற்றத்தக்க மிரர்லெஸ் என்று மூன்று வழிகள்.

மிரர்லெஸ் கேமராவின் படம் மற்ற இரண்டையும் எளிதாக வென்றுவிடும். முழுச் சட்டக உணரி 36-க்கு 24 மில்லிமீட்டர். ‘ஒரு அங்குலம்’ எனப்படும் உணரி 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர்தான். பரப்பில் ஏழு மடங்குக்கு மேல் வேறுபாடு. ஒளி மங்கிய மேடையில் அந்த ஏழு மடங்கு தெளிவாகத் தெரியும். ஆனால் கச்சேரி இரண்டரை மணி நேரம். இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் தொடர் பதிவு 29 நிமிடம் 59 வினாடியோடு நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாக வகைப்படுத்திக் கூடுதல் சுங்கம் விதித்ததால் வந்த பழக்கம் அது. புதிய மாடல்கள் பலவற்றில் நீங்கிவிட்டது, பழையதாக வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வரம்பு இல்லாதவையும் நம் ஊர் வெப்பத்தில் 4கே-யில் ஓடிக்கொண்டே இருந்தால் சூடேறி அணைந்துவிடக்கூடும். பல்லவி மூன்றாம் காலத்துக்கு வரும் நேரத்தில் திரை கறுத்தால் யாரை நோவது? தூரத்திலிருந்து முகத்தை நிறைக்கும் நீள லென்ஸ், கேமராவின் உடலைவிட விலை கூடியதாகவும் இருக்கலாம்.

கைபேசி ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதே அதன் பெரிய தகுதி. அருகிலிருந்து எடுத்தால் வியப்பூட்டும் படம் தருகிறது. தூரத்துக்குப் போனால் அதன் டெலி லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மிகச் சிறிய உணரி திணறுகிறது. அதற்கும் மேல் நெருக்கினால் அது இருப்பதை வெட்டிப் பெரிதாக்குவதுதான். நொடிக்கு இத்தனை சட்டகம் என்று நிலையாகப் பதியாமல் வெளிச்சத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வழக்கமும் பல கைபேசிகளுக்கு உண்டு. தனியாகப் பதிந்த ஒலியோடு பொருத்தும்போது அது பெரிய தலைவலி.

எவரும் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத கேம்கார்டர் இந்த வேலைக்கு நன்றாகவே இருக்கிறது. சிறிய உணரி என்பதாலேயே சிறிய உடலில் இருபது மடங்கு ஜூம் அடங்கிவிடுகிறது. சுவரில் செருகி மணிக்கணக்கில் ஓட விடலாம். சூடாவதில்லை. பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் சினிமாத்தனமான படம் அதில் வராது, ஆனால் பக்கவாத்தியம் எல்லாம் ஒரே சட்டகத்தில் தெளிவாக இருக்க வேண்டிய கச்சேரிக்கு அப்படி மங்குவது தேவையுமில்லை. மேடையில் யாரும் நகரப்போவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கையசைவும் முகபாவமும்தான் அசைவு.

எந்தக் கேமராவானாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. பெரும்பாலான கேமராக்கள் உணரியை ஒரே கணத்தில் படிக்காமல் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கின்றன. நொடியில் 50-இல் ஒரு பங்கு ஷட்டர் என்றால் ஒவ்வொரு வரிக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும், 60-இல் ஒரு பங்கு என்றால் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறையக் கிடைக்கும், படத்தில் இருண்ட பட்டைகள் ஊர்ந்து போகும். பல கைபேசிகள் 30 சட்டகம் என்ற இயல்புநிலையோடு வருவதால்தான் கோயில் திருவிழாக் காணொளிகளில் இந்தப் பட்டைகளை அடிக்கடி பார்க்கிறோம். நொடிக்கு 25 சட்டகம், 50-இல் ஒரு பங்கு ஷட்டர் என்று கையால் வைத்துவிட்டால் தீர்ந்தது. அதிர்கிற வீணைத் தந்தி படத்தில் பாம்புபோல் நெளிவதும் அதே வரிவரியான வாசிப்பினால்தான். அதற்கு எளிய மருந்து கிடையாது.

படம் நொடிக்கு 25 முறை, ஒலி நொடிக்கு 48,000 முறை அளக்கப்படுகிறது என்பதையும் குழுவில் சொன்னேன். உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பப்படுபவை. கண் இந்த ஊகத்தை மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. ஒரு சட்டகம் தவறினாலும் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். அதே 25-இல் ஒரு பங்கு நொடி ஒலி விடுபட்டால், தாளத்தோடு சீராக ஓடும் வேகமான சர்வலகுவில் ஒரு சொல் உடைந்துபோகும்; தாளம் போட்டுக்கொண்டிருப்பவர் கை தயங்கி நிற்பார்.

தனிக் கருவியில் ஒலி, தனிக் கருவியில் படம் என்று முடிவு செய்துவிட்டால் இரண்டையும் இணைக்கும் வேலை ஒன்று கூடுகிறது. கேமரா நின்ற 14 மீட்டரை ஒலி கடக்கச் சுமார் 40 மில்லிசெகண்டு ஆகிறது, அதாவது ஏறக்குறைய ஒரு சட்டகம். ஒலி பிந்துவதை மனம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், முந்துவதைப் பொறுக்காது. ஒலிபரப்புத் துறைக்கான பன்னாட்டுப் பரிந்துரை, ஒலி 45 மில்லிசெகண்டு முந்தினாலே தெரிந்துவிடும், பிந்துவதோ 125 ஆனால்தான் தெரியும் என்கிறது. இடி மின்னலுக்குப் பின்னால் வருவதையே பார்த்து வளர்ந்த காது அல்லவா. தொடக்கத்தில் மேடையிலிருந்து ஒருவர் கைதட்டி, அந்தத் தட்டலை இரண்டிலும் பொருத்தினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். மங்களம் வந்தபோது பாடகரின் உதடும் குரலும் பிரிந்துவிட்டன. இரு கருவிகளின் கடிகாரப் படிகங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே, இரண்டரை மணி நேரத்தில் 0.18 வினாடி, அதாவது நாலரைச் சட்டகம் விலகிவிடும். இதற்காக விலையுயர்ந்த நேரக்குறியீட்டுக் கருவி வாங்கத் தேவையில்லை. ஒவ்வொரு உருப்படியையும் தனியாக வெட்டி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மறுபடி பொருத்திக்கொண்டால் விலகல் உணரும் அளவுக்கு வளர்வதில்லை. உருப்படிக்கு உருப்படி எழும் கைதட்டல் வெட்டுவதற்கு வசதியான இடம்.

சேமிப்பிலும் இரண்டும் வெவ்வேறு. நொடிக்கு 50 மெகாபிட் வீதம் எடுத்த படம் மணிக்கு இருபத்திரண்டரை ஜிகாபைட்; 24-பிட் ஸ்டீரியோ ஒலி மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட். வட்டு நிறைந்து எதையாவது அழித்தாக வேண்டிய நாள் வரும்போது எங்கள் சபை படத்தைத்தான் சுருக்கும், மூல ஒலியைத் தொடாது என்று இப்போதே எழுதி வைத்துக்கொண்டோம்.

எல்லா நிகழ்ச்சிக்கும் இதே வரிசை பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பரதநாட்டியம் என்றால் கேமராதான் முதல். பாட்டு, நட்டுவாங்கம் எல்லாம் மிக்சர் வயரில் வந்துவிடும், சலங்கைக்கு மட்டும் மேடை விளிம்பில் ஒரு மைக் போதும். வீதியுலாவில் நாதஸ்வரமும் தவிலும் என்றால், கண்டென்சரைவிட டைனமிக்கே நிம்மதி, அதுவும் காற்றுக்கு உறை போட்டு. அங்கே நடந்துகொண்டே எடுக்கக் கைபேசிக்கு மேல் கேமரா வேண்டாம். மாணவர்களுக்கு மிருதங்கப் பாடம் எடுப்பதற்கான பதிவு என்றால் விரல்தான் பாடம், அருகில் வைத்த கேமரா இல்லாமல் நடக்காது.

நாங்கள் கடைசியில் வாங்கியவை: ஒரு நான்கு தடப் பதிவுக் கருவி, உயரமான ஸ்டாண்டு, மிக்சரிலிருந்து இழுக்க இரண்டு நீளக் கேபிள், நல்ல காதொலிக்கருவி. தனி மைக் ஜோடி அடுத்த ஆண்டுக்கு. கேமரா இப்போதும் இரவல்தான். முதல் கச்சேரியன்று ஸ்டாண்டை மேடைக்கு முன்னால், தரையில் இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தியதும் கேமரா பார்த்துக்கொண்டவர் ஓடி வந்து, ஸ்டாண்டு பாடகரின் முகத்தைச் சரியாக இரண்டாகப் பிளக்கிறது என்றார். ஸ்டாண்டை நகர்த்தச் சொன்னார். நான் கேமராவை நகர்த்தச் சொன்னேன். முக்காலி இரண்டு நாற்காலி இடப்பக்கம் போயிற்று. முகம் தெளிந்தது, வயலின் வில்லும் கூடுதலாகச் சட்டகத்துக்குள் வந்தது. ஆலாபனை தொடங்கும் முன் மேடைக்குப் பக்கத்திலிருந்த இரண்டு விசிறிகளை நிறுத்தினோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டே வித்வான், தனி முடிந்ததும் போட்டுவிடுங்கள் என்று சைகை காட்டினார்.